ராமப்பனைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம்

10 ஆகஸ்ட் 1998, திங்கள்

"டீச்சர், கண்ணாடிக்கு என்ன கலர்?" எட்டாம் வகுப்பில் வெங்கடசாமி என்னைக் கேட்ட கேள்வி. நிறமே இல்லையப்பா என்றேன். மறுநாள் ஒரு ஜன்னல் வரைந்து வந்தான். கண்ணாடி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. "நான் ஒண்ணுமே அடிக்கலையே டீச்சர்!" காகிதத்தின் வெள்ளையும் வெள்ளைதான் என்று அவனுக்கு அன்று புரியவில்லை.

இப்போது அவன் பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ முதலாளி. கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். தப்பு மட்டும் அதே தப்பு.

எதிர்வீட்டுக் கெம்பம்மாவோடு இன்று அங்கே போனேன். அவள் மகள் காவேரிக்கு முப்பதாம் தேதி கல்யாணம். கணவர் ராமப்பன் இறந்து மூன்று வருஷமாகிறது. இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவர் முகம் இருப்பது கம்பெனி கேட் பாஸில் மட்டும். ராமப்பனின் அண்ணன் ராஜப்பன் உத்தரவு போட்டுவிட்டார்: "தாலியறுத்தவ மேடையில நிக்கறது நல்லா இருக்காது. ரெண்டு பேரும் ஜோடியா இருக்கற மாதிரி படம் பண்ணி மேடையில வெச்சுரலாம். கெம்பம்மா கீழ மொத வரிசையில உக்காந்துக்கட்டும்."

முதல் வரிசையாம்! பெற்றவளுக்கு டிக்கெட் கொடுக்கிறார்.

கெம்பம்மா சண்டை போடவில்லை. "படத்துலயாவது எம்பொண்ணு பக்கத்துல இருப்பேன் டீச்சரம்மா. நல்லா வரணும், அவ்ளோதான்."

14 ஆகஸ்ட்

பெங்களூர் லேபிலிருந்து படம் வந்தது. பட்டுத் திரைக்கு முன்னால் கெம்பம்மா. பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டம். கட்டத்துக்குள் ராமப்பன்.

"எங்கூட்டுக்காரரு ஃபிரிட்ஜ் உள்ளருந்து எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது," என்றாள் கெம்பம்மா.

"லேப்காரன் தப்புக்கா! நான் அண்ணனை ஓரமெல்லாம் வெட்டித் தனியாத்தான் அனுப்பினேன், ஒட்டினது அவன். நீங்களே பாருங்க," என்று வெங்கடசாமி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினான். ராமப்பனைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். பின்னால் ஒன்றுமில்லை என்பதற்கு ஃபோட்டோஷாப் காட்டும் அடையாளம் அது.

"இதையேதான் அனுப்பினாயா?"

"இது ஃப்ளாப்பியில அடங்காது டீச்சர். படத்தைச் சுருக்கற ஜேபெக்கா மாத்தி அனுப்பினேன்."

அங்கேதான் கோளாறு. ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் வகுப்பில் பேரன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் கற்றது வீண்போகவில்லை. கம்பெனிகளில் பெட்டிக்குள் சாமானைச் சுற்றி வெற்றிடம் விடமாட்டார்கள், தெர்மோகோல் திணிப்பார்கள். ஜேபெக் அந்த மாதிரி ஒரு பேக்கிங்காரன். வெற்றிடம் என்பதே அதற்குத் தெரியாது. காலி இடத்தில் வெள்ளையைத் திணித்து அனுப்பிவிடும். இதைச் சொன்னேன்.

"புரிஞ்சுது டீச்சர்," என்றான். எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான் சொல்வான்.

17 ஆகஸ்ட்

சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியதாம். கம்பெனி பஸ் வரவில்லை. வெங்கடசாமி கடையும் திறக்கவில்லை. ஓசூர் பாகலூர் ரோட்டுக் கடைக்கும் அந்த யானைக்கும் என்ன சம்பந்தம்? கேட்கக் கூடாது.

19 ஆகஸ்ட்

புரிந்த லட்சணம் இன்று தெரிந்தது. வெள்ளைக் கட்டத்தை எடுக்கத் தெரியாமல், அது கண்ணில் உறுத்தாமல் இருக்கட்டும் என்று கட்டத்தோடு ராமப்பனையும் பாதி மங்க வைத்துவிட்டான். ஒபாசிட்டி, அதாவது அடர்த்தி, ஐம்பது சதவீதம். அவர் மார்புக்குள்ளே திரையின் மடிப்பு தெரிகிறது. வயிற்றில் பூச்சாடி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கெம்பம்மா நிதானமாகப் பார்த்தாள். "இது சரியாத்தான் இருக்குது. உசுரோட இருக்கறப்பவும் எங்கூட்டுக்காரரு பாதிதான் வூட்டுல. மீதி பாதி ஷிஃப்ட்டுல."

வெங்கடசாமி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவளும் சிரித்தாள்.

ராஜப்பன் வந்து பார்த்துவிட்டு, "என் தம்பியப் பேயாட்டம் பண்ணிட்டீங்களேடா!" என்று குதித்தார். தம்பி மேல் என்ன கரிசனம்! தம்பி பெண்டாட்டியை முழுசாகவே மறைக்கத் திட்டம் போட்டவருக்கு, தம்பி பாதி மறைந்ததில் இத்தனை கோபம்.

22 ஆகஸ்ட்

மருமகனுக்குப் பாடம் எடுப்பது போலப் பொறுமையாக உட்கார்ந்தேன். ராமப்பனைத் தனியாக அனுப்பவே வேண்டாம். இங்கேயே, ஒரே கோப்பில், அடியில் திரை, அதன்மேல் லேயர் என்கிற ஒரு தாளில் கெம்பம்மா, இன்னொரு தாளில் ராமப்பன். மூன்றும் சரியாக உட்கார்ந்தபின் ஒன்றாக ஒட்டி, அதற்கப்புறம் ஜேபெக். அப்போது காலி இடமே இருக்காது. அது எதைத் திணிக்கும்?

வந்தது. ஆனால் ராமப்பன் தலையைச் சுற்றி மெலிசாக ஒரு வெள்ளை விளிம்பு. கேட் பாஸ் படத்தின் வெள்ளைப் பின்னணி முடியோரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சாம்பல் வெள்ளைக் கட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்குச் சிக்காது.

"சாமியாட்டம் ஒளிவட்டம். இருக்கட்டும் டீச்சர், செத்தவருதானே," என்றான்.

"சாமியுமில்ல, பேயுமில்ல. அவரு ஃபிட்டரு. ஒழுங்கா எடு," என்றாள் கெம்பம்மா.

ராமப்பனுக்கு அடியில் முழுக் கருப்பாக ஒரு தாளைப் போடச் சொன்னேன். எங்கெங்கே வெள்ளை மிச்சமோ அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது. தேய்த்து எடுத்தான். கருப்புத் தாளை நீக்கியதும் ராமப்பன் திரைக்கு முன்னால் நிஜமாகவே நின்றார்.

கெம்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் அது நடந்தது. தாள்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தாள் மறையும், மறுபடி தட்டினால் வரும். வெங்கடசாமி வித்தை காட்டினான். "தா, நான் பாக்கறேன்," என்று கெம்பம்மா மவுசை வாங்கி, தன் தாளின் கண்ணைத் தட்டினாள். அவள் இல்லை. தட்டினாள். இருந்தாள். மறுபடி தட்டினாள்.

"என்னை எடுக்கறது இவ்ளோ சுலபமா?"

மவுசை விடாமல் வெங்கடசாமி பக்கம் திரும்பினாள்.

"இப்படியே பிரிண்டு போடு. அவரு மட்டும் இருக்கட்டும். பக்கத்து எடம் வெறுமனே கெடக்கட்டும்."

"அக்கா, ஜோடிப் படம்னு ராஜப்பண்ணன்..."

"ஜோடிதாண்டா. அந்த எடத்துக்கு நான் நேர்ல வந்துக்கறேன்."

26 ஆகஸ்ட்

படம் வந்தது. துணி சுற்றி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ராஜப்பன் இருமுறை கேட்டுவிட்டார். நல்லா வந்திருக்குதுங்க என்றேன். பொய் இல்லையே?

30 ஆகஸ்ட், ஞாயிறு

மேடை நாற்காலியில் படத்தை வைத்துத் துணியை எடுத்தேன். ராஜப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எங்க கெம்பம்மா? படத்துல காணமே?"

"இங்க இருக்கறேன் பாவா," என்று கெம்பம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். படியேறி, படத்தில் காலியாக விட்ட பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

"இறங்கு. சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறாங்க," என்று அவர் பல்லுக்கிடையில் சொன்னார்.

சம்பந்தியம்மா பாப்பம்மா ஆனேக்கல்காரி. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கன்னடத்தில் யாரையோ அதட்டினாள். இன்னொரு நாற்காலி வந்தது. கெம்பம்மாவின் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள்.

காவேரி தாலி கட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் அம்மாவும் இருந்தாள், அப்பாவும் இருந்தார். கீழே முதல் வரிசையில் ராஜப்பனுக்கு நல்ல இடம் கிடைத்தது.

2 செப்டம்பர்

மேடையில் எடுத்த படங்களைக் கெம்பம்மா காட்டினாள். எல்லாவற்றிலும் அவள் முழுசாக இருக்கிறாள்.

இனி மறக்காமலிருக்கக் கடைச் சுவரில் ஒட்ட ஒரு வரி எழுதித் தரச் சொன்னான் வெங்கடசாமி. எழுதிக் கொடுத்தேன்:

வெட்டிய படத்தை ஒட்டும் முன், அடியில் ஒரு கருப்புத் தாளைப் போட்டுப் பாருங்கள்.