சந்தேக நோட்டின் பதினோராம் பக்கம்

வீடு,
திங்கட்கிழமை.

அன்புள்ள துணைவிக்கு,

நானும் பொடிசும் நலம். உன் ஆய்வகப் பயிற்சியும் விடுதி அறையும் இதற்குள் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். தினமும் மாலையில் தொலைபேசியில் பேசிக்கொள்கிற நமக்கிடையே கடிதம் எதற்கு என்று கேட்பாய். காரணங்கள் இரண்டு. நாம் பேசும்போது நம் மகள் என் தோளருகிலேயே நிற்கிறாள். நான் சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. மின்னஞ்சல் எனக்கு எக்காலத்திலும் உவப்பானதல்ல. அங்கே அழித்தது எதுவும் அழிவதில்லை என்பதை மூன்று வழக்குகளில் நானே நிரூபித்திருக்கிறேன். ஆகவே காகிதம். படித்ததும் கிழித்துவிடு.

இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புக்கு இணையத்தைப் பொறுப்புடன் பயன்படுத்துவது பற்றி வாரம் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன என்பது உனக்குத் தெரியும். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தைப் பெற்றோர் குழுவின் சட்ட உறுப்பினர் என்ற முறையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதினேழு பிரிவுகள். கணினி ஆசிரியை, அதாவது பிள்ளைகள் ‘பாஸ்வேர்டு மிஸ்’ என்று அழைப்பவர், அதை வாசித்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே, "சார், இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பசங்க காலேஜுக்கே போயிடுவாங்க. ஒரே பக்கத்துல அடக்கித் தாங்களேன்" என்றார். நான் அடக்கவில்லை. அன்று முதல் அவரைக் கவனித்து வருகிறேன். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே என் அறிவுக்கு எட்டியவரை நம்புகிறேன்.

அவர் வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. பாதி நாள் கணினியைத் திறப்பதே இல்லையாம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். அதற்குச் சந்தேக நோட்டு என்று பெயர். அறியாத ஆளிடமிருந்து கைப்பேசிக்கு எது வந்தாலும், தேதி, நேரம், கேட்டது என்ன, நான் கொடுத்தது என்ன, என் உடம்பு என்ன சொன்னது என்று ஐந்து கட்டம் போட்டு எழுத வேண்டுமாம். ஐந்தாவது கட்டம் எனக்கு விளங்கவே இல்லை. வெள்ளிதோறும் ஆசிரியை நோட்டுகளை வாங்கிப் பார்க்கிறார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடம் யார் யார் பேசுகிறார்கள் என்பதை வயதுவந்த ஒருவர் வாரந்தோறும் எழுதி வாங்கிக்கொள்வதற்கு என்ன நோக்கம் இருக்க முடியும்? நான் எதையும் முடிவு செய்துவிடவில்லை. கேள்வியை மட்டும் பதிவு செய்கிறேன்.

பொடிசு மாறியிருக்கிறாள். கைப்பேசியைக் கவிழ்த்தே வைக்கிறாள். நான் அறைக்குள் நுழைந்தால் திரை அணைகிறது. நான் குளித்துக்கொண்டிருந்தால்கூடக் கதவுக்கு வெளியே நின்று கதை சொல்லும் பிள்ளை, இப்போது "சும்மாப்பா" என்ற ஒரே சொல்லில் விசாரணையை முடித்துவிடுகிறாள். அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டேன். "மிஸ்கிட்ட கேட்டேன்பா. மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்கன்னாங்க. அம்மா வரட்டும்" என்றாள். என் வீட்டில் நான் கேட்ட ஒன்றுக்கு வேறொருவர் தீர்ப்பு எழுதுகிறார்.

நீ கவலைப்பட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் கணவன்.


வழக்கறிஞர் அறை,
வியாழக்கிழமை.

அன்புள்ள துணைவிக்கு,

சென்ற கடிதத்துக்குப் பின் பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சினம் கொள்ளாமல் இறுதிவரை படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சோதனை செய்துவருகிறேன். பிள்ளைகள் படம் போட்டுப் பேசிக்கொள்கிற அந்தச் செயலியில், வேறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி என்று சொல்லிக் கணக்கொன்றைத் தொடங்கினேன். முகப்பில் ஒரு பூனைக்குட்டியின் படம். நம் மகளுக்கு நட்பழைப்பு அனுப்பினேன். அந்த வகுப்பு உண்மையில் எதையேனும் கற்பிக்கிறதா, அல்லது என் பிள்ளையை என்னிடமிருந்து மறைக்கக் கற்பிக்கிறதா என்று நேரடிச் சான்றின் மூலம் அறிவது மட்டுமே என் நோக்கம். மதிய உணவு இடைவேளையில், ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணிக்குள், தயிர்சாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதிர் மேசை நண்பர், "என்னய்யா, இந்த வயசுல போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்க?" என்று கேட்டார். வழக்கு விவரம் என்றேன்.

அறிவியல் பாடத்தில் ஒரு ஐயம் கேட்டேன். மாலையில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் தந்தாள். எந்தப் பள்ளி என்று கேட்டேன்; பதில் இல்லை. வீட்டுக்கு எந்தப் பேருந்தில், எத்தனை மணிக்குப் போவாய் என்று கேட்டேன். அதற்கு அவள், "உங்க ஸ்கூல்ல மத்தியானம் போன் வச்சுக்க விடுவாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். தோழமையாகத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, ஆம், அனுமதி உண்டு என்றேன். அத்துடன் மௌனமாகிவிட்டாள்.

இந்த மௌனம்தான் எனக்குச் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. மிரட்டல் போல ஏதேனும் வந்தால் தந்தையிடம் ஓடி வருகிறாளா என்று பார்க்க, செவ்வாயன்று கடைசியாக ஒன்று அனுப்பினேன்: "மேற்படி பேருந்தில் நீ இறங்கும் நிறுத்தம் எனக்குத் தெரியும்." இரண்டு இரவு உணவுகள் கடந்துவிட்டன. தட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், இன்று பள்ளியில் ஏதேனும் விசேஷமா என்று கேட்டுப் பார்த்தேன். "சும்மாப்பா." என்னிடம் சொல்லவில்லை. ஆக, அவள் மறைக்கிறாள் என்பது நிரூபணமாகிவிட்டது. யார் சொல்லி மறைக்கிறாள் என்பதுதான் இனிக் கண்டறிய வேண்டியது.

உன் கருத்தை எழுது. தொலைபேசியில் வேண்டாம்.

அன்புடன்,
உன் கணவன்.


வீடு,
வெள்ளிக்கிழமை, மாலை.

அன்புள்ள துணைவிக்கு,

"வக்கீல் சார், நீங்களே உங்க மேல கேஸ் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. முதல்ல அந்தக் கணக்கை மூடுங்க" என்று என் சென்ற வாரக் கடிதத்துக்கு ஒரே வரியில் நீ எழுதிய பதில் நேற்றுக் காலை கிடைத்தது. நேற்றுப் பிற்பகல் தலைமையாசிரியர் என்னை அழைத்திருந்தார். நீ சொன்னது அவ்வளவு விரைவில் பலிக்கும் என்று நீயே எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

அறையில் அவரும் பாஸ்வேர்டு மிஸ்ஸும் இருந்தார்கள். மேசையில் ஒரு கோப்பு. உள்ளே நம் மகளின் சந்தேக நோட்டில் பதினோராம் பக்கத்தின் நகலும், என் பூனைக்குட்டிக் கணக்கின் திரைப்பதிவுகள் நான்கும் இருந்தன. ஒன்றைக்கூட அழிக்காமல் சேமித்து, மறுநாள் காலையிலேயே ஆசிரியையிடம் காட்டியிருக்கிறாள். மேற்கொண்டு ஏதேனும் வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்திருந்தார்களாம். தலைமையாசிரியர், "சார், திங்கட்கிழமை போலீஸ்ல கொடுக்கணும். புகாரை நீங்கதான் எழுதணும். சொந்தப் பிள்ளை விஷயம், உங்களைவிட அக்கறையா யார் எழுதப்போறாங்க?" என்றார். சொல்லும்போது அவர் இதழோரம் ஏதோ அசைந்ததா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எழுதறது பெரிய ஆளு, சார். பதினாலு வயசுப் பொண்ணு ‘மேற்படி பேருந்து’ன்னு எழுதாது." அதை என்னைப் பார்த்துச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பக்கத்தை இங்கே அப்படியே தர வேண்டியது என் கடமை. என் முதல் செய்திக்கு எதிரே, உடம்பு என்ன சொன்னது என்ற கட்டத்தில், "ஒண்ணும் இல்ல." இரண்டாவதற்கு, "கழுத்துப் பின்னாடி ஒரு மாதிரி." மூன்றாவதற்கு, "மத்தியானம் ஒண்ணரைக்கு அனுப்பியிருக்கா. எந்த ஸ்கூல்லயும் அப்ப போன் கைல இருக்காது. பொய் சொல்றா. வயிறு இறுகுச்சு." நான் இருபது ஆண்டுகளில் கேட்ட குறுக்கு விசாரணைகளில் இவ்வளவு சுருக்கமானது குறைவு. நான்காவதற்கு எதிரே, "கால் நடுங்குச்சு. கதவைப் பூட்டிட்டு உள்ள உக்காந்தேன். அப்பா கோர்ட்டுல." அதன் கீழே ஆசிரியை சிவப்பு மையில், வீட்டில் அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். நம் மகளின் பதில்: "இல்ல மிஸ். அப்பா விசாரிப்பார். கடைசியில நான் என்ன தப்பு பண்ணேன்னு கண்டுபிடிச்சிடுவார்."

இதை மூன்று முறை வாசித்தேன். ஆட்சேபிக்க எதுவும் இல்லை.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொன்று. அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு வந்து, என் அறையில் உட்கார்ந்து, புகாருக்குப் பதில் சட்டக் கருத்து ஒன்றை எழுதினேன்: செய்திகளில் குற்றத்தின் கூறுகள் இல்லை, புகாருக்கு முகாந்திரம் இல்லை, பள்ளியின் பெயருக்கு ஊறு நேராமல் இத்துடன் முடித்துக்கொள்ளலாம். நான்கு வரி. என் கையெழுத்து இருந்தால் தலைமையாசிரியர் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். கணக்கை மூடியாயிற்று, யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறர் போல் நடித்து எந்த மாணவரையும் எவரும் தொடர்புகொள்ளலாகாது என்ற ஒன்பதாம் பிரிவை எழுதிய அதே பேனாவால்தான் இதையும் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன்.

இன்று நண்பகலில் பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து பொடிசு அழைத்தாள். "அப்பா, இன்னிக்கு நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை. வாய்தா வாங்கிக்கொண்டு போனேன். வாயிற்கதவுக்கு உள்ளே நின்று, வெளியே நிற்கிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர், ஒரு தாத்தா. என்னைக் கண்டதும்தான் வெளியே வந்தாள். சாலையைக் கடக்கையில் என் கையைப் பிடித்தாள். கடைசியாக எப்போது பிடித்தாள் என்று உனக்கு நினைவிருக்கலாம், எனக்கில்லை. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்வரை விடவே இல்லை. "இப்ப பரவாயில்லப்பா, நீங்க இருக்கீங்கல்ல" என்றாள்.

அவள் யாருக்குப் பயந்து யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பதை நினைத்தபடி வீடு வரை வந்தேன்.

அந்த நான்கு வரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாளை மாலை அவளிடம் சொல்லப்போகிறேன். திங்களன்று பள்ளியில் எழுத்து மூலமாகவே தருவேன். அதன் பின் அவர்கள் எங்கே கொண்டுபோனாலும், வழக்கறிஞர் மன்றத்துக்கே கொண்டுபோனாலும், அது அவர்கள் உரிமை. அந்த ஆசிரியையை நான் எவ்வளவு தவறாக எடைபோட்டேன் என்பதையும் அதிலேயே எழுதுவேன். மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘நல்லெண்ணத்தின் பேரில்’ என்றே தொடங்குகிறது வாய். அதை விலக்கிவிட்டால் எஞ்சுவது, அது நான்தான் என்பது மட்டுமே. அதை மட்டும் சொல்வேன்.

இக்கடிதம் விரைவு அஞ்சலில் நாளை மதியத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். முதலில் உனக்கு எழுதுவது உன் அனுமதிக்காக அல்ல. எனக்குப் பின்வாங்க வழி இருக்கக் கூடாது என்பதற்காக. என்னையும் நான் இப்போது சந்தேகிக்கிறேன்.

நாளை மாலை அவள் உன்னை அழைப்பாள். தோளருகில் நான் நிற்க மாட்டேன். எனக்காக வாதாடுவது உனக்குப் பழக்கம். என் வீட்டாரிடம் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை நீதான் எனக்கு வக்கீல். இந்த ஒருமுறை வேண்டாம். ‘அப்பா பயத்துல பண்ணிட்டாரு’ என்று தொடங்கிவிடாதே. அவள் முழுவதும் பேசி முடிக்கட்டும், அழுதால் அழட்டும், என்னைப் பற்றி என்ன சொன்னாலும் இடைமறிக்காதே. எல்லாம் முடிந்த பிறகு, நான் வீட்டுக்குள் வரலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல். எத்தனை நேரம் ஆனாலும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்கும் உனக்கும் எந்தக் குறையும் வராதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் கணவன்.