மூன்றாவது வரி

ஜூன் 11, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். பின்னறையில் காலி பிரிண்டர் பெட்டிக்குள் இருந்தது என்றுகூடச் சொல்லாதீர்கள்.

இன்று அம்மாவின் இரண்டு விரல்கள் உடைந்தன.

அப்பா வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். அவர் இல்லாதபோது கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது. அம்மாவின் போனை அவர் போன மாதமே சுவரில் அடித்து நொறுக்கிவிட்டதால், சித்திக்கு மெயில் எழுத அவளுக்கு அதுதான் வழி. பாதி எழுதியபோது கேட்டில் பைக் சத்தம். மெயிலை மூடிவிட்டாள். ஆனால் கம்ப்யூட்டரை அணைக்க ஒரு கிளிக், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கடைசியில் ‘ஏதோ திறந்திருக்கிறது, நிச்சயமா?’ என்று கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குள் வந்துவிட்டார். கீபோர்டைத் தூக்கி அம்மாவின் வலது கைமேல் நான்கு தடவை. எண்ணினேன். எதற்கு எண்ணினேன்?

“கதவிடுக்குல மாட்டிக்கிச்சு சிஸ்டர்” என்றாள் அம்மா ஆஸ்பத்திரியில். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜூன் 12

சோபாவுக்கு அடியிலிருந்து கீபோர்டின் எழுத்துகளைப் பொறுக்கினேன். உதிர்ந்த பற்கள் மாதிரி இருந்தன.

ஜூன் 13, வியாழன்

கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டேன். “மிஸ், வெறும் திரையில ரைட் கிளிக் பண்ணா ஒரு லிஸ்ட் வருதே, அதுல ஷட்டவுனைச் சேர்க்க முடியுமா? எதுவும் கேட்காம உடனே அணையணும்.”

“அப்படி என்னடி அவசரம்? ரயிலைப் பிடிக்கப் போறியா?”

ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். ரெஜிஸ்ட்ரி என்று ஓர் இடம் இருக்கிறது. “இது அதோட மூளை. கண்டபடி கை வச்சே, அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.”

ஜூன் 15, சனி

அப்பா கட்டட வேலை நடக்கிற சைட்டுக்குக் கிளம்பியதும் செய்தேன். லாக், ரீஸ்டார்ட், ஷட்டவுன், ஸ்லீப். நான்கு வரிகள். கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு அம்மா தேடக் கூடாது என்று லிஸ்ட்டின் உச்சியிலேயே வைத்தேன். இடது கையால் பத்துத் தடவை பழகினாள். பத்தாவது தடவை சிரித்துவிட்டாள். “உங்கப்பனுக்கும் இப்படி ஒண்ணு வச்சுக் குடேன்!”

ஜூன் 17, திங்கள்

மெயில் போய்விட்டது! பைக் சத்தம். ஒரே கிளிக். திரை கருப்பு.

ஜூன் 19, புதன்

சித்தியின் பதில்: ‘வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு வர்றேன்க்கா. தனியா வரமாட்டேன். மூட்டை கட்டிட்டு இருக்காதே, உடுத்தின துணியோட ரெண்டு பேரும் கிளம்புங்க.’ அந்த நேரத்தில் அப்பா சைட்டில் இருப்பார்.

ஜூன் 20, வியாழன்

நான் முட்டாள். முட்டாள்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் அப்பா வரைபடத்தைக் கீழே இறக்கிவிட்டு, வெறும் திரையில் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ் அழுத்துவார். டக் டக் என்று ஐந்தாறு தடவை, சுவரைப் பார்த்துக்கொண்டே. அது எப்போதும் மூன்றாவது வரி. வருஷக்கணக்காக இந்த வீட்டில் கேட்கிற சத்தம், எனக்கு எப்படி மறந்தது? இத்தனை நாள் சைட்டிலேயே இருந்தவர் இன்று காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்தார். நான் வைத்த நான்கும் உச்சியில் இருந்ததால், இப்போது மூன்றாவது வரி ஷட்டவுன்.

எதுவும் கேட்காமல் அணைய வேண்டும் என்றுதானே எழுதினேன். கேட்கவில்லை. சேவ் செய்யாமல் ஒரு நாள் முழுக்க வரைந்தது போய்விட்டது.

“எவ கை வச்சா?”

“நான்தான்” என்றாள் அம்மா.

முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். புதுக் கீபோர்டு முழுக்க ரத்தம். நான் கதவோரம் நின்றேன். என் வாய்தானே, ஏன் திறக்கவில்லை?

போனதை மறுபடி வரைய வேண்டுமாம். நாளை முழுக்க வீட்டில்தான் இருப்பாராம். சித்திக்குச் சொல்ல வழியே இல்லை.

ஜூன் 21, வெள்ளி

காலையில் அம்மாவை நாற்காலியில் தள்ளினார். “நீதானே பண்ணினே? இப்ப எடு.”

அம்மாவுக்கு எடுக்கத் தெரியாது. இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு வரிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியலை? அப்ப எவன் வந்து பண்ணிக் குடுத்தான்?” வரைபடத்துக்கு வைத்திருக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

“நான்தான்ப்பா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டேன்.

என்னை உட்காரவைத்து எடுக்கச் சொன்னார். எடுத்து முடிக்கும்வரை பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்தார். நான்காவது வரி போனதும் ஸ்கேல் இறங்கியது. முதுகு, காது, மறுபடி காது. அம்மா என்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள், மிச்சமெல்லாம் அவள்மேல். அப்புறம் இரண்டு பேரையும் பின்னறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வரைய உட்கார்ந்தார். பிரிண்டர் பெட்டி இங்கே இருப்பதால் எழுதுகிறேன். இடது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம், நிற்கவே இல்லை.

வெளிச்சம் மங்குகிறது. மணி ஆறு தாண்டியிருக்கும்.

கேட் சத்தம். பைக் இல்லை. நிறையக் கால்கள்.

“யாரு நீங்கல்லாம்? இது எங்க குடும்ப விஷயம்” — அப்பா.

“எங்கக்கா எங்க?” சித்தி! சித்தியேதான்.

அடிக்கிற சத்தம். நாற்காலி விழுகிறது. ஒரு பெண் குரல் அதட்டுகிறது, “கையில இருக்கிறதைக் கீழே போடு!” அப்பா கத்துகிறார். இப்போது கத்தவில்லை.

யாரோ இந்தக் கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக. சாவி வைத்திருப்பவர் எதற்குத் தட்ட வேண்டும்? அப்பா இந்த வீட்டில் ஒரு கதவையும் தட்டியதில்லை.

அம்மா எழுந்து