முகாமுக்குக் கட்டிய சேலை

அக்கா,

இன்று மதியம் ரேகை வைக்கும் கருவியின் கண்ணாடியில் உளுந்து மாவு ஒட்டியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தவள், துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரண்டைச் சாறும் அப்பளக் காரமும் சேர்ந்த அந்த மணம் உங்கள் அறையில் எப்போதும் இருக்கும்.

நான் இப்போது அம்பாசமுத்திரத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். "வாய் திறக்காத பிள்ளைக்கு வாய் திறக்காத வேலையாக் கெடைக்கட்டும்" என்று எனக்காக வேண்டிக்கொள்வீர்களே, அந்த வேண்டுதல் பலிக்கவில்லை. இங்கே நாள் முழுக்கப் பேச்சுதான்.

மாவு ஒட்டிய விரலுக்குச் சொந்தக்காரர் கம்பு ஊன்றி வந்த ஓர் அம்மா. ஒரு கால் சூம்பியவர். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் அரசு தரும் உதவித்தொகைக்காக, உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக வந்திருந்தார். அப்பளம் தேய்த்தே ரேகை அழிந்துபோயிருந்தது. கருவி திரும்பத் திரும்பச் சிவப்பு விளக்கையே காட்டியது. ரேகை விழாவிட்டால் இப்போது முகத்தைப் படம் பிடித்தால் போதும். அதற்காக நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவர் சேலையைக் கவனித்தேன். தோளில் கிழிந்திருந்தது. தலை வாரவில்லை. ஆனால் மடியில் இருந்த பையில் சரிகைக் கரை போட்ட சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

"விசேஷ வீட்டுக்குப் போறியளாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா தாயி. இங்கன முடிச்சுட்டுப் போயி மாத்தணும். நல்லா உடுத்திட்டு வந்தா பணத்த நிப்பாட்டிருவாவன்னு மருமவ சொன்னா."

அப்போதே உங்கள் குரல் என் காதுக்குள் கேட்டுவிட்டது.

கல்லிடைக்குறிச்சியில் நம் இரண்டு வீடுகளும் எதிரெதிர். என் அம்மாவும் நீங்களும் ஒரே அண்ணாச்சிக்குத்தான் அப்பளம் தேய்த்தீர்கள். சிறு வயதில் வந்த காய்ச்சல் உங்கள் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விடலாமே என்று யாராவது சொன்னால், "அங்கன எடம் இருக்கு, எனக்குன்னு அடுப்பு இல்ல" என்பீர்கள். உதவித்தொகை வாடகைக்குப் போகும், அப்பளக் கூலி அடுப்புக்கு. இரண்டில் எது நின்றாலும் தம்பி வீடுதான்.

உங்களுக்கும் ரேகை விழாததால், வருடா வருடம் அதிகாரிகள் ஆளைப் பார்த்துக் கையெழுத்திடும் முகாமுக்கு நீங்கள் நேரில் போக வேண்டியிருந்தது. முகாம் நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தில். அன்று மட்டும் அப்பளப் பலகை சுவரில் சாய்ந்திருக்கும். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, பவுடர், தலை நிறையப் பிச்சிப்பூ. மூன்று சக்கர வண்டியை நான் தள்ளுவேன்.

"எனக்கு வருஷா வருஷம் மண்டபம் உண்டுட்டி, மாப்பிள்ளதான் இல்ல" என்று சிரிப்பீர்கள். இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "உயிரோட இருக்கேன்னு சொல்லத்தான போறோம். உயிரோட இருக்கவ மாதிரி இருக்க வேண்டாமா?"

பிறகு ஒரு வருடம் முகாமுக்கு அந்தப் புதிய அதிகாரி வந்தார். உங்கள் பூவையும் சேலையையும் ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கீங்க. இது நிஜமாவே தேவைப்படுறவங்களுக்கும்மா" என்றார். விசாரிக்க வேண்டும் என்று உங்கள் தாளை ஒதுக்கி வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை. வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். தம்பி, சாமான்களை ஏற்ற வண்டி அனுப்பவா என்று போன் செய்தார்.

மறு விசாரணைக்கு முந்தின நாள் அண்ணாச்சியின் மனைவி ஒரு பழைய சேலையோடு வந்தார். "இதக் கெட்டிக்கிட்டு, தலைய விரிச்சுப் போட்டு, கொஞ்சம் அழுதுட்டு வா. நான் சொல்லுததக் கேளு."

"எனக்கு அழுகை வராதே மதினி. உங்க மாவுல காரம் கூடுத அன்னைக்குச் சொல்லி விடுங்க, வரும்."

அந்தச் சேலையை அப்பளம் உலர்த்த விரித்தீர்கள். மறுநாளும் மாம்பழ நிறப் பட்டுதான்.

மண்டபத்தில் உங்களை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அதே அதிகாரி தூரத்து மேசையிலிருந்து, "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார். உங்களால் முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். தொண்டையில் சத்தம் வரவில்லை. நீங்கள் நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினீர்கள். உள்ளங்கைகளை ஊன்றினீர்கள்.

"ஏட்டி, முந்தானைய மட்டும் பையப் பிடிச்சுக்கோ."

கைகளால் நீங்கள் நகர்ந்தீர்கள். கல்யாணப் பெண்ணின் தோழிபோல முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். மேசைக்கு முன்னால் போய் அண்ணாந்து பார்த்தீர்கள்.

"சேலை அழுக்காயிட்டு சார். இப்பத் தேவைப்படுதவ மாதிரி இருக்கேனா?"

அவர் உங்களைப் பார்க்கவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவரைப் போலவே பேசிக்காட்டி என்னைச் சிரிக்க வைத்தீர்கள். கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். தண்ணீரைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். "காரம் கூடிட்டுட்டி" என்றீர்கள்.

பணம் வந்தது. நீங்கள் அந்த அறையிலேயே இருந்தீர்கள், போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் வரைக்கும். பணம் வரவான செய்தி என் போனுக்குத்தான் வரும். நீங்கள் போன பிறகும் ஒருமுறை வந்தது. நீங்கள் இல்லை என்று போய்ச் சொன்னவளும் நான்தான். அன்றும் குரல் எழும்பவில்லை. அலுவலகத்தில் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார்கள்.

இன்று அந்த அம்மாவிடம், "பின்னறையில போயி அந்தச் சேலைய மாத்திட்டு வாங்கம்மா. அப்புறம் படம் எடுப்போம்" என்றேன்.

அவர் பையை இறுக்கிக்கொண்டார். "நிப்பாட்டிட்டாவன்னா?"

"நிப்பாட்டுனா எங்கிட்ட வாங்க. நான் வந்து பேசுதேன்."

நானா சொன்னேன் அக்கா? பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பை ஊன்றியபடி வெளியே வந்தார். தலையைக்கூடக் கோதியிருந்தார். ஒரு கையில் கம்பு, மறு கை சுவரில். புதுச் சேலையின் முந்தானை தரையில் புரண்டது.

எழுந்து போய் முந்தானையைப் பையப் பிடித்துக்கொண்டேன்.