பவுடர் விற்ற கடை

18.1.03, சனி
பனி. எட்டு மணிக்கும் எதிரே கல்வெட்டுக் கோயில் தெரியவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது.
வாங்க வேண்டியவை: சிவப்பு வளையல், பிலிம் ரோல், தண்ணீர் பாட்டில், பவுடர்.
மூன்று டூரிஸ்ட் பஸ். கைடு சேகர் வழக்கம்போல் ஒரு டப்பா பவுடர் வாங்கிப்போனான். எதற்கென்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். சுவரில் தடவினால் பழைய எழுத்தெல்லாம் வெள்ளையாக எழும்பும், போட்டோவில் நன்றாக விழும்.
சாயங்காலம் மேரி சுவரில் பிரஷ் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கோயில் காவலுக்குத் தினக்கூலி அவள். எழுத்துப் பள்ளத்தில் இறங்கிய பவுடர் வரவே இல்லை.

19.1.03, ஞாயிறு
பதினொரு மணி. கோயிலில் சத்தம். ஓடினேன்.
சேகர் பவுடர் அப்புகிறான், சுற்றிலும் கேமரா. மேரி நடுவில் புகுந்து, சுவரை மறைத்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.
"பூசாத சார். எய்த்து அரிச்சிப் பூடும்."
"தள்ளும்மா. ஜனங்க பாக்கத்தானே எழுதி வெச்சாங்க?"
"பாக்கட்டும். பூசாத."
தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவன் கையிலிருந்த டப்பா பறந்து, கண்ணாடி போட்ட ஓர் அம்மாளின் புடவையெல்லாம் வெள்ளை. அவ்வளவுதான். அந்த அம்மாள் விழவில்லை, அடிபடவில்லை.
நாலு மணிக்கு பஜார் முழுக்கப் பேச்சு: காவல்காரி டூரிஸ்ட்டை அடித்துவிட்டாளாம்.

20.1.03, திங்கள்
மேரியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதனன்று காஞ்சிபுரத்திலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பார்.
சேகர் வந்தான். "அக்கா, உங்களையும் கூப்புடுவாங்க. கடையில இருந்தேன், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. இல்லன்னா பஸ்ஸை வேற ஊருக்குத் திருப்பிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
தலைவலி. மதியம் சாப்பிடவில்லை.

21.1.03, செவ்வாய்
வீட்டில் இவரிடம் சொன்னேன். லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.
"உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? டூரிஸ்ட்டு வர்றதாலதான் கடை ஓடிக்கினு கீது. கல்லு இன்னா எய்ந்து ஓடியா பூடும்?"
"எய்த்து பூடுமே."
"ஆயிரம் வருசமா போகாததா இப்போ பூடும்?"
ஆயிரம் வருஷம் யாரும் பவுடர் பூசவில்லையே. ஆனால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. பஸ் வராத ஐப்பசியில் நாள் முழுக்க ஈ ஓட்டியது நான்தானே.
தொழுகையில் மனம் நிற்கவில்லை.

22.1.03, புதன்
நல்ல வெயில். கோயில் புல்தரையில் மேசை போட்டு அதிகாரி. முதலில் சேகர். மேரி டூரிஸ்ட்டை அடித்தாள் என்று கூசாமல் சொன்னான். பூக்காரம்மா, "பாக்கல சார்." இளநீர்க்காரர், "பாக்கல சார்." மேரி ஓரமாக நின்றாள், யாரையும் பார்க்காமல்.
என் முறை. எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, உதறியது, டப்பா பறந்தது.
"பவுடர்தான்னு எப்படிம்மா உறுதியா சொல்றீங்க?"
"நான்தான் சார் வித்தேன். மாசக்கணக்கா. எதுக்குன்னு தெரிஞ்சேதான் வித்தேன்."
எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக.

25.1.03, சனி
மேரிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. சேகரை உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு. சொன்னபடி செய்துவிட்டான், ஒரு டூரிஸ்ட் பஸ்கூட இல்லை. இளநீர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவர் இரண்டு நாளாகக் காலை நாஷ்டாவுக்கு வெளியே போகிறார்.
சாயங்காலம் மேரி வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.
"நீ விக்கறது எனக்கு மின்னாடியே தெரியும்க்கா."
"அப்போ பவுடர் யார் வித்ததுன்னு அதிகாரி கேட்டப்ப ஏன் சொல்லல?"
"எனக்கு ஒர்த்திக்கு வேல பூட்டது போதாதா? உனுக்கும் ரெண்டு புள்ளிங்க கீது."
அவள் ஊருக்குப் போகிற சாலவாக்கம் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.