தட்டுகள் ஊறும் நாட்கள்

மஸ்கற்,
02.03.2025

அன்புத் தங்கச்சி கேதீஸ்வரிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் மச்சானும் எப்படி? போனை எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு இப்போது புது வேலை. ஆய்வில் கண்டுபிடித்த முறைகளைக் கம்பெனிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இங்கே ஒரு கம்பெனி கடலட்டைக் குஞ்சு வளர்க்கப் பார்க்கிறது. எல்லாம் செத்துப்போகிறது. அரியாலையில் உன்னுடைய தொட்டிகளில் பாதிக்குமேல் தப்புகிறதே, அந்த முறையை எழுதி அனுப்பு. உனக்கு நல்லதாகத்தான் முடியும்.

அன்பு அண்ணை,
பிரகலாதன்

அரியாலை,
24.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். என் பட்டப்படிப்பு ஆய்வைக் கொழும்புக் கருத்தரங்கில் உங்கள் பெயரில் வாசித்தபோதும் எனக்கு நல்லதாகத்தான் முடியும் என்று சொன்னீர்கள். எட்டு வருசமாக நான் தனியப் பாடுபட்டுக் கண்டது இந்த முறை. கம்பெனி எது, என் பெயர் எங்கே வரும் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் காணோம். உங்கள் மச்சான்தான், கூடப்பிறந்தவர் கேட்கிறார் எழுது என்று நாண்டுகொண்டு நிற்கிறார். சரி. குஞ்சுகள் ஒட்டி வளரும் தட்டுகளைக் கடல்தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டுத் தொட்டியில் இறக்குங்கள். மற்றதெல்லாம் இணைத்த தாளில்.

தங்கச்சி,
கேதீஸ்வரி

மஸ்கற்,
19.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி விலகிவிட்டது. தட்டு ஊற இரண்டு நாள் காணாதே, இன்னும் கூட வேண்டாமோ என்று இங்கே கேட்டார்கள். "என்ரை தங்கச்சி எழுதினால் அது சரி" என்று அடித்துச் சொன்னேன். பிறகு உன் பெயர் கெடக்கூடாதென்று, நான்தான் பிழையாகப் பெயர்த்தெழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். ஓகஸ்டோடு வேலை முடிகிறது. கம்பெனி கையெழுத்து வைக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது இங்கத்தைய விதி, அதனால் உனக்கும் சொல்லவில்லை. முறையைப் பதியப் பல்கலைக்கழகத்தில் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும்தான். அந்தக் கருத்தரங்கில் செய்தது பெரிய பிழை, தங்கச்சி. இதிலாவது தீர்க்கலாம் என்று நினைத்தேன்.

அண்ணை

அரியாலை,
10.07.2025

அண்ணை,

படிவத்தில் நான் முதலில் பார்த்தது திகதியைத்தான். எல்லாம் பிழையாய்ப் போனபிறகு என்னைச் சமாளிக்க எழுதினதோ என்று. பெப்ரவரி இருபத்தைந்து. என்னிடம் முறையைக் கேட்பதற்கு முதலே என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

தட்டுகள் ஊற வேண்டியது இரண்டு நாள் இல்லை அண்ணை, பத்து நாள். வேணுமெண்டுதான் குறைத்து எழுதினேன். வேலை போகமுதல் இந்தக் கடிதத்தை அங்கே காட்டுங்கோ.

கேதீஸ்வரி