கழுத்துவரை கறுப்பு மணல்

ஃபஜா,
புதன்கிழமை.

அன்பு லுசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே சுகம். நீயும் குட்டி யானிக்கும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள், அவன் இருமல் நின்றதா, காதை மூடித் தொப்பி போடுகிறாயா. இங்கே மழை ஏமாற்றிவிட்டது, சோளம் முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது, ஆடு மட்டும் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ராட்டர்டாம் கிளம்புகிற ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவின் முட்டிவலிதான் உனக்குத் தெரியுமே. போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவரை வேனில் ஏற்றி, மணலில் புதைத்து வலி போக்கத் தர்ரஃபால் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். உச்சிவெயிலில் கறுப்பு மணல் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. குழி தோண்டிப் படுக்கவைத்துக் கழுத்துவரை மூடி, முகத்துக்கு மேல் குடையை நட்டேன். "உயிரோட புதைக்கிறியா" என்று முதலில் முனகியவர், கொஞ்ச நேரத்தில் சொக்கிப்போய்விட்டார். மீன் சுட்டு விற்கிற ஹிரொந்தினா, "வாங்கக்கா, சூடா மீன் தின்னுட்டு வரலாம், இவர் எங்க எந்திரிச்சு ஓடப்போறாரு" என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக உன் பேரை எடுத்தாலே ஆட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து போகிற மனுஷன், இன்றைக்குப் போக முடியாது.

சொல்லிவிட்டேன் லுசிந்தா. நீ சொல்லாமல் கப்பலேறியது உன் யோசனை இல்லை, சொன்னால் விடமாட்டார் என்று உன் வாயைக் கட்டியது நான், பெட்டி கட்டியதும் நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பழி உன்மேல் விழ, பார்த்துக்கொண்டு சும்மா இருந்த என் வெட்கத்தையும் சொன்னேன். அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும்டி. அவ போன சேதி வர்றதுக்கு முன்னாடியே நீ அழுது முடிச்சிருந்தே. நீயா எப்போ சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அந்நியனாக்கிட்டீங்களே, அந்தக் கோபம்தான்" என்றார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. கை மணலுக்குள் இருந்ததால் நான்தான் துடைத்துவிட்டேன்.

அப்புறம் கடலில் முங்கினோம், ஆளுக்கு இரண்டு மீன் தின்றோம், நிழலில் கால் நீட்டிப் படுத்தோம். எத்தனை வருஷமாயிற்று அப்படிப் படுத்து. திரும்பும் வழியெல்லாம் பேரன் யானிக் பற்றியே கேள்வி, பல் எத்தனை முளைத்திருக்கிறது, யார் ஜாடை என்று. முட்டி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஒரு வாரமாவது தொடர்ந்து புதைந்தால்தான் கேட்குமாம். "திரும்பவும் போகலாம், இன்னும் ஏதாச்சும் மறைச்சு வெச்சிருந்தா அங்கயே சொல்லிடு" என்று கிண்டல் வேறு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. கடவுள் உங்கள் இருவரையும் கண்போல் காக்கட்டும். ஞாயிறு மறக்காமல் போன் செய். மணியடித்தால் எடுக்கப்போவது நானில்லை. அவருக்கு உடனே பேச்சு வராது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். வைத்துவிடாதே கண்ணே, கொஞ்சம் பொறுத்திரு.

உன் அம்மா,
சுல்மிரா