குளியலறை ஜன்னலில் ஒட்டிய படம்

வாலுவின் அப்பாவுக்கு,

வேலை முடிந்து வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடாதீர்கள். குளியலறை ஜன்னல் இப்போது வெட்டவெளி. முதலில் ஒரு துண்டை மாட்டுங்கள், எதிர் மாடியில் எப்போதும் ஆள் இருக்கும்.

போன மாதம் வாலு கட்டிலிலிருந்து விழுந்தபோது எடுத்த தலை ஸ்கேன் படத்துக்காக நேற்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினோமே, அது கிடைத்துவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தேன். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக நீங்கள் ஒட்டிய கறுப்புத் தாளில் வெயில் அடித்தது. வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி மண்டையோடுகள்! மூலையில் அவள் பெயர், வயது நாலு. கையிலிருந்த பிரஷ் நழுவிவிட்டது. மூன்று வாரமாக அதற்கு முன்னால் நின்றுதான் தலை வாரியிருக்கிறேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என்ன சொன்னார்? "பழைய படம் இருந்தா அதைப் பாத்துட்டு, தேவைன்னாதான் மறுபடி எடுப்போம். சின்னக் குழந்தைக்குக் கதிர்வீச்சு வீணா ஒரு தடவைகூட வேண்டாம்." நானோ தொலைந்துவிட்டது என்று சொல்லி, இன்று பத்து மணிக்குப் புது ஸ்கேனுக்கு நேரம் வாங்கி வந்தேன்.

டேப்பைப் பிய்த்துப் படத்தை எடுத்துக்கொண்டு அவளோடு ஓடுகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது. நேற்றுபோல் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு படுக்காதீர்கள்.

ஓரத்தில் இடம் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். "பொறுப்பில்லாத மனுஷன்" என்று நேற்று உங்களைப் பார்த்துக் கத்தினேன் அல்லவா? "பீரோ மேல கறுப்பா ஒரு தாள் சும்மா கெடக்கு, இதை ஒட்டுங்க" என்று அன்றைக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான்.